வாண வேடிக்கையில் எரியும் டைட்டானியம், ஜெட் என்ஜினில் தாங்குவது எப்படி?

சிவகாசி, வெம்பக்கோட்டை, ராஜபாளையம் ஆகிய ஊர்களுக்கு நடுவே இருக்கிறது ஆலங்குளம். தென்காசி மாவட்டத்து ஆலங்குளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். பெயரைச் சொன்னதும் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, 1970-ல் தொடங்கப்பட்ட அரசு சிமென்ட் ஆலை.

மழை குறைந்த கரிசல் பூமி இது. வானம் பொய்த்த வருடங்களில் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சோறு போட்டவை நெருப்போடு சம்பந்தப்பட்ட தொழில்கள்தான். ஒரு பக்கம் சிமென்ட். இன்னொரு பக்கம் தீப்பெட்டியும் பட்டாசும். சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ள கல்கத்தாவுக்குப் போனது 1923-ல். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் தீபாவளிக்கு நாட்டின் பெரும்பகுதி இந்த மண்ணைத்தான் எதிர்பார்க்கிறது.

இரவில் வானத்தில் விரியும் ஃபேன்ஸி ரக வாணத்தைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் மட்டும், வெள்ளியை உருக்கிக் கொட்டியதுபோல் பளீரென்ற வெண்பொறிகள் நீளமாக இறங்கும். அப்படிப்பட்ட வெண்பொறிகளைத் தரும் உலோகங்களில் முக்கியமானது டைட்டானியம். நாம் பறக்கும் விமானத்தின் என்ஜினுக்குள் சுழல்வதும் இதே டைட்டானியம்தான்.

வானத்தில் நொடியில் எரிந்து சாம்பலாகிற உலோகம், என்ஜின் சூட்டில் ஆயிரக்கணக்கான மணி நேரம் எப்படித் தாங்குகிறது? இந்தக் கேள்விக்கான பதிலைத் தெரிந்துகொண்டால் விமான என்ஜின் புரியும். பட்டாசு ஆலையில் ஏன் அத்தனை எச்சரிக்கை தேவை என்பதும் புரியும்.

உருகும் முன்பே துரு

உலோகத்தை நெருப்பில் போட்டால் என்ன ஆகும்? 'உருகும்' என்பீர்கள். பெரும்பாலும் உருகுவதற்கு வெகு முன்பே வேறொன்று நடந்துவிடும். காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் உலோகத்தோடு சேர்ந்து, மேலே ஒரு படலம் உண்டாகும். சாதாரண வெப்பத்தில் இரும்பின்மேல் நடந்தால் இதைத் துரு என்கிறோம். பொதுவாக இதற்குப் பெயர் ஆக்ஸிஜனேற்றம்.

சூடு ஏற ஏற இந்த வேலை வேகமாகும். விறகடுப்பில் வருடக்கணக்காகக் கிடக்கும் இரும்புக் கம்பியைத் தட்டிப் பாருங்கள். கறுப்புச் செதில்கள் உதிரும். கொல்லர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது தெறித்து விழுவதும் அதே செதில்தான். இரும்பு 1,538 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஆனால் 600 டிகிரியை நெருங்கும்போதே செதில் வேகமாக வளர ஆரம்பித்துவிடும். செதில் விழுந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும், அதுவும் செதிலாகும். இப்படியே கம்பி மெலிந்துபோகும்.

சிமென்ட் ஆலைகளுக்கும் இதே தலைவலி உண்டு. சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சேர்ந்து சிமென்ட்டின் மூலப்பொருளான கிளிங்கராக மாற, கல்லுக்கு ஏறத்தாழ 1,450 டிகிரி சூடு வேண்டும். அதைச் சுடுகிற சுழல் உலை, பிரமாண்டமான எஃகுக் குழாய். அந்தச் சூட்டை எஃகு நேரடியாகச் சந்தித்தால் தாங்காது. அதனால் உள்பக்கம் முழுக்கத் தீச்செங்கல் அடுக்கியிருப்பார்கள். எங்காவது ஒரு செங்கல் பெயர்ந்தால், வெளியே எஃகு சிவந்து காட்டிக்கொடுக்கும். உடனே கவனிக்காவிட்டால் உலையே வளைந்துபோகும்.

உலைக்குச் செங்கல் சுவர் கட்டலாம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும் விமான என்ஜினின் மெல்லிய பிளேடுக்கு எப்படிச் சுவர் கட்டுவது? அதற்குத் தன்மேல் தானே சுவர் எழுப்பிக்கொள்ளும் உலோகம் வேண்டும்.

வீட்டுச் சுவரில் இருக்கும் டைட்டானியம்

டைட்டானியத்தைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் கறுப்பாக மின்னும் துகள்களைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அதில் பெரும்பகுதி இல்மனைட். டைட்டானியமும் இரும்பும் ஆக்ஸிஜனோடு சேர்ந்த கனிமம் அது. மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல் நிறுவனம் அங்கே மணலைப் பிரித்தெடுக்கிறது. கேரளத்தில் கொல்லம் அருகே சவராவிலும் இதே மணல் வளம் உண்டு.

உலகில் எடுக்கப்படும் டைட்டானியக் கனிமத்தில் மிகப் பெரும்பகுதி உலோகமாக மாறுவதே இல்லை. டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடியாக மாறி, பெயின்ட், பிளாஸ்டிக், காகிதம், பற்பசை என்று போய்விடுகிறது. உங்கள் வீட்டுச் சுவரின் வெள்ளை நிறம் ஒரு விதத்தில் டைட்டானியத்தின் துருதான்!

அந்த வெள்ளைத் துருவிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து உலோகமாக்குவது பெரும்பாடு. இரும்புத் தாதுவை நிலக்கரியோடு சேர்த்துச் சூடேற்றினால் இரும்பு கிடைத்துவிடும். டைட்டானியத்திடம் அந்த வித்தை பலிக்காது. அது கரியோடும் ஒட்டிக்கொள்ளும். 1791-ல் இங்கிலாந்தின் வில்லியம் கிரிகோர் இந்தத் தனிமத்தைக் கண்டறிந்தார். ஆலைகளில் பெரிய அளவில் தயாரிக்கும் வழியோ லக்ஸம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் க்ரோல் மூலம் 1940-ஐ ஒட்டித்தான் கிடைத்தது. தாதுவைக் குளோரின் வாயுவோடு சேர்த்துத் திரவமாக்கி, காற்றே இல்லாத கலனுக்குள் மெக்னீசியத்தோடு சூடேற்றி, நாள்கணக்கில் காத்திருந்து எடுக்க வேண்டும். பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையாகக் கிடைப்பதால் இதை 'டைட்டானியம் ஸ்பாஞ்ச்' என்கிறார்கள்.

சவராவில் கேரள அரசின் கே.எம்.எம்.எல் நிறுவனத்தில் 2011-ல் ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள ஸ்பாஞ்ச் ஆலை திறக்கப்பட்டது. ஹைதராபாத்தில் இருக்கும் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் தொழில்நுட்பம், திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் ஆதரவு இரண்டும் சேர்ந்து உருவான ஆலை அது. இந்த ஸ்பாஞ்சை வெற்றிடத்தில் உருக்கி, மற்ற உலோகங்களைக் கலந்து கட்டியாக்கும் வேலையை ஹைதராபாத்தின் மிதானி நிறுவனம் செய்கிறது.

இத்தனை சிரமப்பட்டு எடுக்கக் காரணம் உண்டு. எஃகின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் டைட்டானியத்தின் எடை. பலமோ நல்ல எஃகுக்கு ஈடு. பறக்கிற எதற்கும் எடை குறைந்தால் லாபம்.

தானே போர்த்திக்கொள்ளும் சட்டை

ஆக்ஸிஜன்மேல் டைட்டானியத்துக்கு இருக்கும் ஈர்ப்பு அதிகம். வெட்டிய மறு கணமே அதன் மேல் ஆக்ஸைடு படலம் உருவாகிவிடும். தடிமன்? தலைமுடியில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சட்டை இறுக்கமாக ஒட்டியிருக்கும். கீறினால் தானே மறுபடி வளரும். உள்ளே இருக்கும் உலோகத்தைக் காற்றிலிருந்தும் உப்பு நீரிலிருந்தும் காப்பாற்றுவது இதுதான்.

பல் இம்பிளான்ட், இடுப்பு மூட்டு, எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட் ஆகியவற்றுக்கு டைட்டானியத்தை மருத்துவர்கள் விரும்புவதும் இதனால்தான். உடம்புக்குள் இருக்கும் உப்பு நீர் அந்தச் சட்டையை எளிதில் கிழிக்க முடியாது. 2023-ல் வந்த ஐபோன் 15 ப்ரோவின் சட்டம் டைட்டானியக் கலவைதான். உங்கள் கையில் அந்த மாடல் இருந்தால், இந்தக் கதையின் நாயகனைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சூடு பட்டால் சட்டை தடிமனாகும். அப்போது நிறம் மாறும். முதலில் வெளிர் மஞ்சள், பிறகு ஊதா, பிறகு நீலம். விலையுயர்ந்த பைக்குகளின் டைட்டானிய சைலன்சரில் நீலமும் ஊதாவும் கலந்து மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பெயின்ட் இல்லை. மழை ரோட்டில் சிந்திய டீசல் வானவில்லாகத் தெரிகிறதே, அதேபோல மெல்லிய படலம் ஒளியோடு செய்யும் விளையாட்டு.

டைட்டானியத்தை வெல்டிங் செய்பவர்களுக்கு இந்த நிறமே மதிப்பெண் பட்டியல். சூடான டைட்டானியம் காற்றைத் தொடக் கூடாது என்பதால் ஆர்கான் வாயுவால் மூடிக்கொண்டே பற்ற வைப்பார்கள். பற்றிய இடம் வெள்ளிபோல் பளிச்சென்று இருந்தால் முதல் தரம். வைக்கோல் நிறம் என்றால் பரவாயில்லை. நீலம் தெரிந்தால் சந்தேகம். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அந்த இணைப்பையே வெட்டி எறிய வேண்டியதுதான். இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி ராக்கெட்டின் நான்காம் நிலையில் எரிபொருள் கலன் டைட்டானியக் கலவையால் ஆனது. அப்படிப்பட்ட கலனில் ஒரு வெல்டிங் கோடு காற்றைக் குடித்திருந்தால் மொத்தப் பயணமும் போச்சு.

600 டிகிரியில் ஒரு வேலி

சட்டை இருக்கிறதே, பிறகென்ன பயம்? சூடு 600 டிகிரியை நெருங்கும்போதுதான் டைட்டானியத்தின் பலவீனம் வெளியே வரும்.

முதலில், மேலே இருக்கும் படலம் தடிமனாகி, இறுக்கம் தளர்ந்து, அடுக்கடுக்காகப் பெயர ஆரம்பிக்கும். இது இரும்புக்கும் நடப்பதுதான். இரண்டாவது பிரச்னை டைட்டானியம் போன்ற சில உலோகங்களுக்கே உரியது. மேலே வந்து சேரும் ஆக்ஸிஜனை உலோகம் தனக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும். வெந்நீரில் சர்க்கரை கரைவதுபோல், கெட்டியான உலோகத்துக்குள் ஆக்ஸிஜன் கரைந்து இறங்கும். நூறு அணுக்களில் முப்பது ஆக்ஸிஜனாக இருக்கும் அளவுக்குக்கூட அதனால் உள்வாங்க முடியும்.

ஆக்ஸிஜன் குடித்த அந்த மேல்பகுதி கடினமாகும். கடினமானால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வளைந்து கொடுக்கும் குணம் போய்விடும். சப்பாத்தியை மடிக்கலாம், அப்பளத்தை மடிக்க முடியுமா? சூட்டில் கிடந்த டைட்டானியத்தின் தோல் அப்பளமாகிவிடும். இந்த நொறுங்கும் தோலுக்கு உலோகவியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆல்ஃபா கேஸ்'. என்ஜின் ஒவ்வொரு முறை சூடாகிக் குளிரும்போதும் அந்தத் தோலில் மயிரிழை விரிசல் விழும். விரிசல் உள்ளே இறங்கும். ஒரு நாள் பிளேடு முறியும்.

இதனால்தான் டைட்டானியத்தைக் காய்ச்சி அடித்து உருவாக்கும் பாகங்களில், மேல் தோலைக் கடைந்தோ அமிலத்தில் தோய்த்தோ நீக்கிய பிறகே அடுத்த வேலைக்கு அனுப்புகிறார்கள். தோல் சீவாமல் விட்டால் பாகம் பார்க்க நன்றாகவே இருக்கும். பயன்படுத்தும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

உருகுநிலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்

ஒரு புதிர். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். டைட்டானியம் 1,668 டிகிரி வரை உருகாது. ஜெட் என்ஜினின் மிகச் சூடான பகுதியில் எதை வைப்பீர்கள்?

டைட்டானியம் என்று சொல்லத் தோன்றும். உண்மையில் அங்கே இருப்பது நிக்கல் கலவைகள். நிக்கலோடு குரோமியமும் அலுமினியமும் சேரும்போது, மேலே உருவாகும் ஆக்ஸைடு படலம் மிக இறுக்கமானது. அந்தச் சூட்டிலும் ஆக்ஸிஜன் அதைத் துளைத்து உள்ளே போவது கடினம். அதிகச் சூட்டில் பலத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் குணமும் நிக்கல் கலவைக்கு உண்டு. உருகுநிலையைவிட, மேலே போர்த்திய சட்டையின் தரமும் சூட்டில் நிற்கும் பலமும்தான் அங்கே முடிவு செய்கின்றன.

எனவே என்ஜினுக்குள் இரண்டும் எல்லை பிரித்துக்கொண்டு வேலை பார்க்கின்றன. முன்பக்கம் காற்றை இழுக்கும் விசிறியும் அதை அமுக்கும் கம்ப்ரஸரின் பெரும்பகுதியும் டைட்டானியம். அங்கே சூடு அளவோடு இருக்கும். எரியும் அறையும் அதற்குப் பின்னால் வரும் டர்பைனும் நிக்கல்.

டைட்டானியத்தின் எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவதுதான் ஆராய்ச்சியாளர்களின் வேலை. மிக அதிகமாகப் பயன்படும் கலவையில் 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம், மீதி டைட்டானியம். இது சுமார் 400 டிகிரி வரைக்கும்தான். தகரம், சிர்கோனியம், நியோபியம், கொஞ்சம் சிலிக்கன் சேர்த்து பிரிட்டனில் உருவாக்கிய ஐ.எம்.ஐ 834 என்ற கலவை 600 டிகிரி வரை போனது. சாதாரண டைட்டானியக் கலவைகள் அந்த வேலியைத் தாண்டுவது இன்னும் கடினம்தான்.

வேலியைத் தாண்ட வேறு வழி பிறந்தது. டைட்டானியமும் அலுமினியமும் கிட்டத்தட்ட சரிபாதி அணுக்களாகச் சேர்ந்த 'டைட்டானியம் அலுமினைடு'. எடை நிக்கல் கலவையில் பாதி. சுமார் 750 டிகிரி வரை நிற்கும். போயிங் 787 விமானங்களில் வரும் ஜெனெக்ஸ் என்ஜினின் கடைசி டர்பைன் அடுக்குகளில் இந்த பிளேடுகள் சுழல்கின்றன. ஏர் இந்தியாவின் 787-8 விமானங்களிலும் இதே என்ஜின்தான்.

நம் நாடும் சும்மா இல்லை. 2021 மே மாதம் ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் ஒரு முக்கியமான செய்தியைச் சொன்னது. ஜாகுவார், ஹாக் விமானங்களில் இருக்கும் அடூர் என்ஜினின் கம்ப்ரஸரில் ஐந்து அடுக்குகளுக்கும் வேண்டிய டைட்டானியக் கலவை வட்டுகளை, 2,000 டன் அழுத்தும் இயந்திரத்தில் இங்கேயே உருவாக்கிவிட்டார்கள். அச்சையும் உலோகத்தையும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் வைத்து மெதுவாக அமுக்கும் முறை அது. உலகில் விரல் விட்டு எண்ணும் நாடுகளிடம்தான் இந்த வித்தை இருக்கிறது.

என்ஜினில் ஆபத்து, வானத்தில் அழகு

டைட்டானியத்தைப் பற்றி என்ஜின் வடிவமைப்பாளர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. சுழலும் டைட்டானிய பிளேடு நிலைதவறி, டைட்டானியத்தாலான வெளிக் கூட்டில் உரசினால், அந்த உராய்வுச் சூட்டிலேயே உலோகம் தீப்பிடிக்கலாம். கம்ப்ரஸருக்குள் காற்று அழுத்தமாக, வேகமாக வருவதால் தீ நொடிகளில் பரவிவிடும். 'டைட்டானியம் தீ' என்றே இதற்குப் பெயர். டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசாதபடி எதிரெதிர்ப் பாகங்களுக்கு வேறு உலோகம் வைப்பது இதனால்தான். வடிவமைப்பாளர்கள் தடுக்கப் பாடுபடும் அதே தீயைத்தான் வாணத்துக்குள் வேண்டுமென்றே மூட்டுகிறோம்.

கட்டியாக இருக்கும் டைட்டானியத்தைத் தீக்குச்சியால் பற்றவைக்க முடியாது. தூளாக்கினால் கதை மாறும். மரக்கட்டை எளிதில் பற்றாது. மரத்தூள் குப்பென்று பற்றும் அல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நறுக்கினால் பத்து லட்சம் துண்டுகள் வரும். மொத்த மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். இன்னும் பத்து மடங்கு பொடியாக்கினால் 6,000. உலோகம் அதே அளவுதான். காற்றைத் தொடும் இடம் மட்டும் ஆயிரம் மடங்கு.

வாணத்தில் இருக்கும் மருந்து எரியும்போது தூள் சூடாகும். 'சட்டை' அந்தச் சூட்டில் உருகும் உலோகத்துக்குள்ளேயே கரைந்துபோகும், தடுப்பு இல்லை. ஆக்ஸிஜன் தடையில்லாமல் பாய, சூடு 2,000 டிகிரியைத் தாண்டிப் போகும். அந்தச் சூட்டில் துகள் வெண்மையாக ஒளிரும். இரும்புத் துகள் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. கம்பி மத்தாப்பில் இரும்புத் தூள் தரும் பொறிகள் பொன்னிறமாகத் தெரிவது அதனால்தான்.

பட்டாசு செய்பவர்களுக்கு டைட்டானியத்தால் இன்னொரு வசதி. இரும்புத் தூள் மருந்துக்குள்ளேயே துருப்பிடிக்கும் என்பதால் எண்ணெய் பூசி வைக்க வேண்டும். மெக்னீசியம் ஈரம் பட்டால் கெட்டுவிடும். டைட்டானியத் தூளை அதன் சட்டையே பார்த்துக்கொள்ளும். பெட்டிக்குள் பல மாதம் காப்பாற்றுவதும் அந்தப் படலம். பற்றிய பின் விலகி வழிவிடுவதும் அதுவே.

மருந்து அறையில் நிற்பவர்களுக்கு

ரசிப்பவர்களுக்கு இது அழகு. மருந்தைக் கையால் கலந்து, மணி மருந்து உருட்டி, காயவைத்து, குழாயில் அடைப்பவர்களுக்கு இது உயிர் விஷயம். 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். நடுவிலும் பின்னரும் நடந்தவை இன்னும் பல. விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் வார்த்தை ஒன்று உண்டு: உராய்வு.

உலோகத் தூளும் ஆக்ஸிஜன் தரும் உப்பும் ஒன்றாகக் கலந்த மருந்துக்கு வெளிக்காற்றுகூடத் தேவையில்லை. பற்றவைக்கச் சின்ன உரசல் போதும். டைட்டானியத் துகள் கடினமானது, கரடுமுரடானது. அது சேர்ந்த மருந்தை அழுத்தி இடித்தால் துகளே மற்ற மருந்தோடு உரசும். அதனால்தான் இரும்புக் கருவி கூடாது, மரமும் பித்தளையும்தான் என்ற விதி. செருப்பும் நைலான் சேலையும் கூடாது, பருத்திதான் என்பதும், அறைக்குள் போகும் முன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்க வேண்டும் என்பதும் இதனால்தான். அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்ற கணக்கு, ஓரிடத்தில் தவறு நடந்தாலும் எல்லோரும் போய்விடக் கூடாது என்பதற்காக.

ஈரமும் ஒரு எதிரி. அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் சேர்ந்த மருந்து ஈரத்தில் கிடந்தால், உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகப் பற்றும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கவே சிறிதளவு போரிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. மிச்ச மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில் வேதியியல் இருக்கிறது.

இன்னொன்றையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். எரியும் உலோகத் தூளின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அந்தச் சூட்டில் உலோகம் தண்ணீரிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது ஹைட்ரஜன், அதுவும் எரியும் வாயு. கார்பன் டை ஆக்ஸைடு அணைப்பானும் உதவாது. டைட்டானியமும் மெக்னீசியமும் அதற்குள்ளும் எரியும். காய்ந்த மணல்தான் வழி. டைட்டானியம் கடையும் லேத் பட்டறைகளில் சேரும் சுருள் தூளுக்கும் இதே விதி.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* பட்டாசைப் பிரித்து மருந்தைக் கொட்டிக் கொளுத்தும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். உலோகத் தூள் ஒரே நேரத்தில் பற்றும். முகத்தை எடுக்க நேரம் இருக்காது.

* வெண்பொறி நீளமாக விழும் ரகங்களை வைக்கோல் போர், ஓலைக் கூரை, காயும் துணி ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். பொறி தரையைத் தொட்ட பிறகும் சூடாகவே இருக்கும்.

* எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியின் சிவப்பு மறைந்தாலும் சூடு போகாது. வாளித் தண்ணீரில் போடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும் இருக்கட்டும்.

* பிள்ளைகளுக்குப் பருத்தி உடை போடுங்கள். நைலானும் பாலியெஸ்டரும் உருகித் தோலில் ஒட்டும்.

* தீக்காயம் பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மாவு, இங்க் எதையும் பூசாதீர்கள். பற்பசையில் இருக்கும் வெள்ளை டைட்டானியம் டை ஆக்ஸைடு சுவருக்குத்தான் அழகு. காயத்துக்கு மருந்து இல்லை. காயம் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணலில் கிடப்பதும், என்ஜினுக்குள் சுழல்வதும், மூட்டு மாற்றிய பாட்டியின் இடுப்பில் இருப்பதும், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் மருந்தோடு கலக்கப்படுவதும் ஒரே உலோகம். எல்லா இடத்திலும் அதன் குணம் ஒன்றுதான்: ஆக்ஸிஜனை விடாது. எவ்வளவு சூடு, எவ்வளவு பொடி, எவ்வளவு உரசல் என்பதைப் பொறுத்து அந்தக் குணம் காப்பாற்றும், அல்லது எரிக்கும். என்ஜின் வடிவமைப்பவர் அந்த எல்லையைக் கணினியில் கணக்கிடுகிறார். மருந்து அறையில் நிற்கும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் இருக்கும் ஒரே காப்பு, எழுதி ஒட்டியிருக்கும் விதிகள்தான். அந்த விதிகள் காகிதத்தில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது, பட்டாசு வாங்கும் நம் எல்லோருக்கும் சேர்த்துத்தான் பொறுப்பு. இந்த முறை பட்டாசு வாங்கும்போது பெட்டியில் உரிமம் பெற்ற ஆலையின் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்து வாங்குங்கள்.